தடித்த போன்சாய் தண்டை வளைப்பதும், வளைத்த மரத்தைத் தேற்றுவதும்

சுண்டுவிரல் தடிமன் உள்ள தண்டை வளைக்க ஒரு சுருள் அலுமினியக் கம்பியும் கொஞ்சம் பொறுமையும் போதும். கட்டைவிரல் தடிமனைத் தாண்டியதும் கதை மாறிவிடுகிறது. தண்டின் தடிமன் இரண்டு மடங்கானால் அதே அளவு வளைவுக்குத் தேவைப்படும் பலம் இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. 2 செ.மீ. தண்டைக் கையால் வளைத்த தைரியத்தில் 4 செ.மீ. தண்டைப் பிடித்து இழுத்துப் படக்கென்று ஒடித்தவர்கள் நிறையப் பேர். இங்கே சொல்லப்போவது 3 முதல் 5 செ.மீ. வரை உள்ள தண்டுகளைப் பற்றி. ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தை வைத்துத்தான் சொல்கிறேன், நம் ஊர் மரங்களுக்கு எது ஒத்துவரும், எது வராது என்பதையும் இடையிடையே பார்க்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் மீதி வேலையில் பாதி தானாகவே புரிந்துவிடும். பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற மெல்லிய, வழவழப்பான படலம் இருக்கிறது. மரம் பருப்பது அங்கேதான், உள்பக்கம் புதுக்கட்டையும் வெளிப்பக்கம் புதுப்பட்டையும் போட்டுக்கொண்டே இருக்கும். தண்டை வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நசுங்குகிறது, நடுவில் இருக்கும் கட்டை இரண்டும் இல்லாமல் சும்மா இருக்கிறது. வெளிப்பக்கம் தாங்காவிட்டால் விரிசல், உள்பக்கம் தாங்காவிட்டால் பட்டை மடிந்து கட்டையை விட்டுப் பிரிந்துகொள்ளும். ஒடிந்த நார்கள் மறுபடி ஒட்டுவதே கிடையாது. அப்படியானால் வளைவு எப்படி நிற்கிறது? வளைந்த நிலையிலேயே மரம் அடுத்தடுத்துப் போடும் புதுக்கட்டைதான் அதைப் பிடித்து வைக்கிறது, நாம் போடும் கம்பியும் கயிறும் அதுவரைக்கும் முட்டுக்கொடுக்கிறவை மட்டுமே. ஆகவே வளர்ச்சி இல்லாத மரத்தில் வளைவு நிலைக்காது, கம்பியை மூன்று வருஷம் கழித்து எடுத்தாலும் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். வளைக்கிற வேலையும் தேற்றுகிற வேலையும் தனித்தனி இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

வளைக்கத்தான் வேண்டுமா?

கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல தண்டுகளுக்குப் பதில் 'வேண்டாம்' என்பதுதான். தொட்டியில் மரத்தை 30 டிகிரி சாய்த்து நட்டாலே நேர்த்தண்டின் விறைப்பு போய்விடுவதைப் பார்க்கலாம். ஃபைகஸ் வகைகள், அதாவது ஆல், அரசு, இச்சி, அத்தி எல்லாம், நம் வெயிலில் வெறித்தனமாக வளர்பவை, 4 செ.மீ. ஆலந்தண்டோடு மல்லுக்கட்டுவதை விட அதைக் குட்டையாக வெட்டி, வரும் தளிரில் ஒன்றைப் பிஞ்சிலேயே வளைத்து வளர்ப்பது எளிது, தண்டு மேலே போகப்போகச் சிறுக்கும் அழகும் கூடவே கிடைக்கும். காகிதப்பூவின் முற்றிய தண்டை வளைக்க நினைக்காதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். ஜேட் செடி முழுக்கத் தண்ணீர், காயப்போட்டு வளைத்தாலும் சின்னக் கிளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடேனியத்தை விட்டுவிடுங்கள். சவுக்கு இளசாக இருக்கும்போது சொன்னபடி கேட்கும், முற்றிவிட்டால் இரும்புதான், ஆகவே அதை விரல் தடிமனிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

தடித்த பிறகும் வளைய இடம் கொடுப்பவை ஊசியிலை மரங்கள், அவற்றிலும் ஜூனிபர். ஜப்பானின் மலைச்சரிவுகளில் ஷிம்பாக்கு என்ற வகை ஜூனிபர்கள் காலகாலமாகப் பனியின் பாரத்தில் அமுங்கி முறுகி வளர்ந்தவை. தண்டில் பெரும்பகுதி செத்து வெளுத்துக் கிடக்க, ஒரு பக்கமாக ஓடும் பட்டைக்கீற்று மட்டும் மரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். நாம் செய்யப்போகும் கொடுமைகளை அந்த இனம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஜப்பானின் சைதாமா மாகாணத்தில் ஒமியா பகுதியைச் சேர்ந்த போன்சாய் கலைஞர் மசாஹிகோ கிமுரா மின்கருவிகளால் கட்டையைக் குடைந்து, தடித்த ஜூனிபர்களைத் தலைகீழாக்கும் அளவுக்கு வளைத்துப் பெயர் பெற்றவர். அவர் படங்களைப் பார்த்துவிட்டு நேராக ரம்பத்தை எடுக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். இன்னொன்று, ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு என்றால் ஜூனிபருக்குப் பிரச்சினை இல்லை. சென்னை, மதுரை வெயிலில் அது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், அங்கே இந்த அளவு வைத்தியம் செய்தால் தேறுவது சிரமம்.

முன்னேற்பாடு

மரம் ஒரு வருஷமாவது நன்றாகத் துளிர்த்திருக்க வேண்டும், அந்த வருஷத்தில் தொட்டி மாற்றியிருக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பருவத்தைப் பொறுத்தவரை, குளிர்ப் பகுதிகளில் குளிர்காலத்தின் கடைசி வாரங்கள் நல்லது. கொழுந்து பீறிட்டு வரும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது கேம்பியம் கொழகொழவென்று இருக்கும், வளைத்தால் பட்டை சட்டை மாதிரி கழன்று வரும். உறைபனி விழும் இடமென்றால், ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் விழும், புதுக்காயத்தோடு மரத்தை வெளியே வைக்காதீர்கள். சமவெளியில் ஃபைகஸை வளைப்பவர்கள் கோடை உச்சத்தை மட்டும் தவிர்த்தால் போதும்.

வளைப்பதற்கு முதல்நாள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நீர் நிறைந்து விறைத்திருக்கும் தண்டை விட லேசாகத் தாகத்தோடு இருப்பது நன்றாக வளையும்.

பலரும் கவனிக்காமல் விடுவது வேரை. தண்டைப் பிடித்து இழுக்கும்போது மண்கட்டியோடு சேர்ந்து ஆடினால் மெல்லிய வேர்கள் உள்ளுக்குள் அறுந்துபோகும், மேலே எல்லாம் நன்றாக முடிந்ததாகத் தெரியும், ஒரு மாதம் கழித்து மரம் காயும்போது காரணமே புரியாது. ஆகவே மண்கட்டியைத் தொட்டியோடும், தொட்டியை ஒரு கனமான பலகையோடும் ஆடாமல் கட்டிவிடுங்கள்.

வளைவு எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். கிளை பிரியும் கணுவில் வளைவின் முழுப் பாரமும் விழக்கூடாது, அங்கே நார்கள் பின்னிக்கிடப்பதால் கட்டை கெட்டியாக இருக்கும், கணுவுக்கு ஒட்டி மேலேயோ கீழேயோ பிளந்துகொள்ளும். வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு கிளை அமையும்படி பார்த்துக்கொண்டால் பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஜூனிபரில் உயிருள்ள பட்டைக்கீற்று எங்கே ஓடுகிறது என்பதை விரலால் தடவிப் பாருங்கள், மேடாகத் தெரியும். கத்தியும் ரம்பமும் அதன் மேல் படக்கூடாது.

சுற்றுக்கட்டு

வளைக்கும் முன் தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்ட உலகம் முழுக்க ராஃபியா பயன்படுத்துகிறார்கள், அது ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் நார். நம்மிடம் வாழைநார் இருக்கிறது, பூ கட்டும் அதே நார்தான், அகலமான பட்டைகளாகப் பார்த்து வாங்கினால் இந்த வேலையைக் குறையில்லாமல் செய்யும். அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு, வளைவு தொடங்கும் இடத்துக்கு நாலு விரல் கீழே ஆரம்பித்து, நாலு விரல் மேலே முடியும்வரை இறுக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றுங்கள். காய்ந்ததும் இன்னும் இறுகும். முதல் சுற்று முடிந்ததும், வளைவின் வெளிப்பக்கம் வரப்போகும் முகத்தில் 2.5 அல்லது 3 மி.மீ. கம்பி நாலைந்தைத் தண்டின் நீளவாக்கில் பக்கம் பக்கமாக வைத்து, அவற்றை மூடி இரண்டாவது சுற்று சுற்றுங்கள். இழுபடும் பக்கத்தில் கிழிசல் ஒரே இடத்தில் வாய் பிளக்காமல் நீளவாக்கில் பரவ இந்தக் கம்பிகள் உதவும். நாருக்குப் பதிலாக சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டியும் சுற்றலாம், பிடிப்பு பிரமாதமாக இருக்கும், ஆனால் உள்ளே காற்றுப் புகாது, மழைக்காலத்தில் பட்டை வெந்துபோக வாய்ப்பு உண்டு. என் ஓட்டு நாருக்குத்தான்.

கட்டையைத் தளர்த்துவது

3 செ.மீ. வரை உள்ள ஜூனிபர் தண்டு, வளைவும் மிதமானது என்றால், கட்டையைத் தொடவே வேண்டாம், நேராக வளைக்கும் பகுதிக்குப் போய்விடலாம். அதற்கு மேல் போனால், அல்லது வளைவு கொண்டை ஊசி மாதிரி வேண்டுமென்றால், சுற்றுக்கட்டுப் போடுவதற்கு முன்னாலேயே கட்டையில் கைவைக்க வேண்டும்.

கெட்டி அட்டையையும் அதே தடிமன் நோட்டுப் புத்தகத்தையும் வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ முடிவதால் புத்தகம் வளைகிறது. தண்டிலும் அந்த நழுவலைத்தான் உண்டாக்கப் பார்க்கிறோம். தண்டை இடப்பக்கமாக வளைக்கப்போகிறீர்கள் என்றால், இடப்பாதி ஒன்று, வலப்பாதி ஒன்று என்று பிரியும்படி நீளவாக்கில் ஒரு பிளவு போட வேண்டும். இரண்டு பாதிகளும் தடையின்றி நழுவினால் தண்டின் விறைப்பு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பிளவு தவறான திசையில், அதாவது வளைக்கும் திசையோடு ஒத்துப் போகும்படி விழுந்தால் விறைப்பு அப்படியே இருக்கும், காயம் மட்டும்தான் மிச்சம்.

நடைமுறையில் நான் சொல்வது பிளவை விடப் பள்ளம். மரத்தின் பின்புறத்திலிருந்து கை கிரைண்டரில் மெல்லிய குடையும் முனையைப் போட்டு, தண்டின் நீளவாக்கில், வளைவு முழுக்க வரும் அளவுக்கு ஒரு பள்ளம் எடுத்து, முன்பக்கப் பட்டைக்குச் சற்று முன்னால் நிறுத்திவிடலாம். முன்பக்கம் தழும்பு இருக்காது, நழுவலும் ஓரளவு கிடைக்கும். பள்ளத்தின் அகலம் 6 முதல் 8 மி.மீ. போதும். உள்ளே உருண்டையாகக் குடைந்து கூடாக்கினால் வளையும் என்று நினைப்பவர்கள் உண்டு. கூடாக்கிய தண்டு குழாய் ஆகிறது, குழாய் லேசில் வளையாது, வளைந்தால் நடுவில் மடங்கி நசுங்கும். ஏற்கெனவே செத்த கட்டை தெரியும் இடம் இருந்தால் பள்ளத்தை அங்கே வையுங்கள், உயிருள்ள பட்டையில் ஒரு மில்லிமீட்டர்கூடச் செலவாகாது. குடைந்து முடித்ததும் விளிம்புப் பட்டையைக் கூரான கத்தியால் சீவி, காயப்பசை பூசுங்கள். பசை கிடைக்காவிட்டால் வாசலைன் போதும். மஞ்சள் குழைத்துப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் இங்கே தேவை ஈரம் போகாமல் மூடுவது, காய்ந்து வெடிக்கும் மஞ்சள்பற்று அதைச் செய்யாது.

வளைவின் உள்பக்கத்தில் ஆப்பு வடிவில் வெட்டியெடுத்து, அந்த வாயை மூடும்படி மடக்குவது இன்னொரு முறை. அது அந்தப் பக்கம் ஓடும் நீர்ப்பாதையை முழுசாகத் துண்டித்துவிடும். ஜூனிபரில் ஒரு வேர் ஒரு குறிப்பிட்ட கிளைக்குத்தான் படியளக்கும் என்பதால், வெட்டுக்கு நேர் மேலே இருக்கும் கிளை செத்தாலும் ஆச்சரியமில்லை. கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வளைப்பது

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முதலில் அது. இறுக்கத்தில் இருக்கும் கம்பி அறுந்தால் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

கட்டுமான வேலைக்கு வாங்கும் 8 அல்லது 10 மி.மீ. முறுக்குக்கம்பியில் ஒரு துண்டை, வளைவுக்கு மேலே இருக்கும் தண்டுப் பகுதியோடு சேர்த்துக் கட்டினால் கைக்கு நெம்புகோல் கிடைக்கும். இன்னொரு துண்டைத் தண்டின் அடியில் பலகையோடு பொருத்தினால் வளைத்த தண்டை இழுத்துப் பிடிக்கும் இழுகம்பியைக் கட்ட உறுதியான இடம் கிடைக்கும். கம்பி தண்டைத் தொடும் இடமெல்லாம் டியூப் துண்டு வைத்துவிடுங்கள். இழுகம்பிக்குச் சாதாரணக் கட்டுக்கம்பியே போதும், ஆனால் ஒற்றையாகப் போட்டால் அறுந்துவிடும், நாலு இழையாக மடித்து, நடுவில் ஆணியைச் செருகி முறுக்குங்கள். ஹார்டுவேர் கடையில் டர்ன்பக்கிள் (நடுவைத் திருகினால் இரு முனையும் நெருங்கி இழுக்கும் கருவி) கிடைத்தால் இன்னும் வசதி, அரைச்சுற்று அரைச்சுற்றாக இறுக்கலாம்.

ஒரு கை வளைவின் உள்பக்கத்தில் முட்டுக் கொடுக்கட்டும், இன்னொரு கை நெம்பட்டும், அந்த நேரத்தில் உதவிக்கு ஓர் ஆள் இருந்து இழுகம்பியை முறுக்கினால் நல்லது. வெறுமனே மடக்காமல், மடக்கும்போதே லேசாகத் திருகுங்கள், மரத்தின் சொந்த நார் எந்தப் பக்கம் சுற்றிப் போகிறதோ அந்தப் பக்கமாக. திருகும்போது இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் நீளம் முழுக்கப் பரவுகிறது. கொஞ்சம் வளையுங்கள், கம்பியை இறுக்குங்கள், ஐந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், மறுபடி கொஞ்சம். காதையும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். 'முறுக், முறுக்' என்று மெல்ல முனகினால் நார்கள் ஒன்றை ஒன்று விட்டு நகர்கின்றன என்று அர்த்தம், அது பரவாயில்லை. 'டிக்' என்று தெறிப்பாக ஒரு சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

கட்டையைத் தொடாமல் வளைக்கிற மரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய அவசியமில்லை, பாதி வளைத்து நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை டர்ன்பக்கிளைக் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே போகலாம். பள்ளம் எடுத்த மரத்துக்கு இது நேர் எதிர்: காயம் ஆற ஆரம்பித்த பிறகு மறுபடி அசைத்தால் மறுபடி கிழியும், ஆகவே அதை ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். இரண்டிலும் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்து வையுங்கள், கட்டு அவிழ்க்கும்போது தண்டு சற்றுத் திரும்பும்.

விரிசல் விட்டுவிட்டதா? பதறி நேராக்கிவிடாதீர்கள். லேசாகத் தளர்த்தி, பிளந்த இரண்டு விளிம்புகளும் ஒட்டும்படி அழுத்தி, கிளாம்ப் போட்டோ நார் சுற்றியோ பிடித்து, பசை பூசுங்கள். தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு வரை கிழிந்தும் பிழைக்கிற ஜூனிபர்கள் உண்டு, மீதிப் பட்டை அறாமல் இருந்தால் போதும். ஃபைகஸில் பால் வடியும், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கட்டுங்கள், அது நம்மை விட வேகமாகத் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் எதுவும் செய்யாமல் இருப்பது

இந்தக் கட்டம்தான் ஆர்வம் உள்ளவர்களுக்குக் கஷ்டமானது. தண்டு வளைந்த குஷியில் கிளைகளுக்கும் கம்பி சுற்றி, இலையைக் கத்தரித்து, அழகான தொட்டிக்கு மாற்றிவிட்டுப் படம் எடுக்கத் தோன்றும். ஒன்றையும் செய்யாதீர்கள். இலை இருந்தால்தான் உணவு, உணவு இருந்தால்தான் புதுக்கட்டை, புதுக்கட்டை வந்தால்தான் வளைவு நிற்கும் என்பதை முன்னாலேயே சொன்னேன். அசிங்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகூட இப்போது சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறது.

முதல் ஒன்றரை, இரண்டு மாதம் 50 சதவீத நிழல்வலைக்கு அடியில், காற்று அடிக்காத மூலையில் வையுங்கள். காலையும் மாலையும் இலை மேல் பனிப்புகை மாதிரி தண்ணீர் தெளிக்கலாம். தொட்டிக்கு ஊற்றுவதில்தான் கவனம் வேண்டும். அடிபட்ட தண்டு வழியாக மேலே போகும் நீர் குறைவு, மண் முன்னை விட மெதுவாகத்தான் காயும், பழைய பழக்கத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் செருகி வைத்து, எடுத்துப் பார்த்து, ஈரம் குறைந்தபின் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் பையால் மூடி வைக்கும் பழக்கம் குளிர்நாட்டுக்கு ஒத்துவரலாம், நம் வெயிலில் மரம் வெந்துவிடும். உரம் வேண்டாம், நுனிகள் நீள ஆரம்பித்தபின் நீர்த்த உரமாகக் கொஞ்சம் கொடுக்கலாம்.

ஜூனிபரிடம் ஒரு ஏமாற்று உண்டு. செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஆகவே பச்சையாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாமல் நுனியைப் பாருங்கள். இளம்பச்சையில் நுனி நகர்ந்தால் பிழைத்துவிட்டது, மினுமினுப்பு போய் சாம்பல் பூத்தமாதிரி ஆனால் கவலைப்படலாம். செதிள் இலைக்கு நடுவே குத்தும் ஊசி இலைகள் முளைத்தால் மரம் நெருக்கடியில் இருக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. அவற்றைப் பிய்க்க வேண்டாம், நன்றாகத் தேறிய பின் ஓரிரு வருஷத்தில் பழைய இலை திரும்பும். ஒரு கிளை மட்டும் பழுப்பானால் அதற்குப் போகும் பாதை நசுங்கியிருக்கிறது, ஒரு பருவம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதை வெள்ளைக்கட்டையாகச் செதுக்கிக்கொள்ளலாம். ஃபைகஸ் இலை கொட்டினால் அலட்டிக்கொள்ளாதீர்கள், நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்துப் பச்சை தெரிந்தால் துளிர்க்கும்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் நார்க்கட்டு காயவே காயாது. எறும்பு குடிபுகும், தரையில் வைத்தால் கரையானும் தேடி வரும். தொட்டியை உயரமான மேடையில், மழை நேராக விழாத இடத்தில் வைத்து, வாரம் ஒருமுறை சுற்றிய நாரை மோந்து பாருங்கள், புளித்த வாடை அடித்தால் அந்த இடத்தை மட்டும் அவிழ்த்துக் காயவிட்டுப் புது நார் சுற்றுங்கள்.

கட்டு அவிழ்ப்பது

ஃபைகஸில் கம்பியை ஒரு மாதத்திலிருந்தே கவனிக்க வேண்டும், வேகமாகப் பருப்பதால் பட்டைக்குள் புதைந்துவிடும். ஜூனிபரில் நார்க்கட்டை ஒரு வருஷத்துக்கு மேல் விடலாம், இழுகம்பி இரண்டு, மூன்று வருஷம்கூட நிற்க வேண்டியிருக்கும். அமுங்கும் இடத்தில் டியூபை நகர்த்திப் புது இடத்தில் கட்டுங்கள். சோதிக்க ஒரே வழி, இழுகம்பியைத் தளர்த்தி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது. தண்டு விரலளவுக்கு மேல் நிமிர்ந்தால் இன்னொரு வளர்பருவம் வேண்டும் என்று அர்த்தம்.

கம்பியைச் சுற்று சுற்றாகப் பிரிக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள், பிரிக்கும் போராட்டத்தில் கிளை ஒடியும். தொட்டி மாற்றுவது இதற்கு அடுத்த பருவத்தில்தான். நார் சுற்றியிருந்த பட்டை வெளுத்து, மெத்தென்று இருக்கும், நேர்வெயில் பட்டால் கருகும், அதனால் அந்த முகம் மேற்கைப் பார்க்காதபடி தொட்டியைத் திருப்பி வைத்து, ஒரு மாதம் நிழல்வலைக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.